நினைவில் நிற்க நீங்கள் கண்டுபிடித்த வழி எது? அனுபவத்தைப் பகிருங்கள்

தமிழாசிரியை, கும்பகோணம்:
ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். "நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்" என்று பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்துவிடுவார்கள். ஒரு குறளைக் கொடுத்து அலகிட, அதாவது சீர்களை நேர், நிரை என்று அசை பிரிக்கச் சொன்னால் பேனா அப்படியே நின்றுவிடும். தேமாவை வெறும் பெயராகவே படித்திருப்பதுதான் காரணம். அதனால் பலகையில் "தேமா" என்று எழுதி, முதலில் அதையே அலகிடச் சொல்வேன். தே, தனி நெடில், நேர். மா, அதுவும் நேர். அடுத்து புளிமா. புளி என்பது இரண்டு குறில் சேர்ந்தது, நிரை. மா நேர். கருவிளத்துக்கு வரும்போது நான் வாய் திறக்கவே வேண்டியதில்லை. போன வருடம் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், அப்போ பேரு ஞாபகம் இருந்தா விதியும் ஞாபகம் இருக்குமே!" என்று கத்தினாள். எனக்கு அன்று முழுக்க அந்தச் சந்தோஷம்தான். மூவசைச் சீரும் இதே வழிதான். தேமாங்காயில் கடைசி அசை காய், நேர். தேமாங்கனியில் கனி, நிரை. வாய்பாட்டைக் கட்டியவர்கள் விடையை அதற்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படி உங்களுக்குக் கைகொடுத்தவை என்னென்ன?

பாட்டு கற்பவர், மயிலாப்பூர்:
டீச்சர், எங்கள் பக்கமும் அப்படியே ஒன்று உண்டு. கர்நாடக இசையில் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்கள் 72. ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்திலேயே அதன் எண் இருக்கிறது. கடபயாதி என்பார்கள். வடமொழி எழுத்து வரிசையில் க, ட, ப, ய ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். மேசகல்யாணியில் "ம" என்பது ப‑விலிருந்து ஐந்தாவது, "ச" என்பது க‑விலிருந்து ஆறாவது. 56. திருப்பிப் போட்டால் 65. தீரசங்கராபரணம் இதே கணக்கில் 29. கல்யாணிக்கு முன்னால் "மேச", சங்கராபரணத்துக்கு முன்னால் "தீர" வந்து ஒட்டிக்கொண்டதே இந்த எண்ணுக்காகத்தான்.

எனக்கு இதில் பிடித்தது அடுத்த படி. மத்தியமம் என்பது "ம" ஸ்வரம். முதல் 36 ராகங்களுக்குச் சுத்த மத்தியமம், மீதி 36‑க்குப் பிரதி மத்தியமம். 29 உடன் 36 கூட்டினால் 65. அதாவது சங்கராபரணத்தில் மத்தியமத்தை மட்டும் மாற்றினால் கல்யாணி. இதைப் பாடிப் பார்த்த அன்று தூக்கமே வரவில்லை.

தமிழில் எழுதிப் படிப்பவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கரஹரப்ரியாவை நம் எழுத்தை வைத்து எண்ணினால் 21 வரும். அது கீரவாணியின் எண். கரஹரப்ரியாவின் முதலெழுத்து வடமொழியின் இரண்டாம் "க", ஆகவே 22. சக்ரவாகத்தில் கூட்டெழுத்து வருகிறது. அங்கே "ர"வைப் பிடித்தால் 26, சாருகேசிக்குப் போய்விடுவோம். "க"வைப் பிடித்தால்தான் சரியான 16. இந்த இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக், மதுரை:
ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் நிற வளையங்களுக்கு, அதாவது கலர் கோடுக்கு, "பி பி ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்" என்று ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லித் தருவார்கள். என்னிடம் வேலை பழக வரும் தம்பிகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அதில் மூன்று "பி" வருகிறது. பிளாக்கா, பிரவுனா, புளூவா என்று யார் பிரிப்பது? நிறங்களை வரிசையாகப் பாருங்கள். கருப்பு 0, பழுப்பு 1. பிறகு வானவில் தொடங்குகிறது: சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. அது முடிந்து சாம்பல் 8, வெள்ளை 9. இருட்டில் ஆரம்பித்து வெளிச்சத்தில் முடிகிறது, அவ்வளவுதான். மஞ்சள், ஊதா, சிவப்பு என்று வளையம் இருந்தால் 47, பின்னால் இரண்டு சைபர், 4,700 ஓம். கடையில் "நாலு புள்ளி ஏழு கே" என்று கேட்டு வாங்கிவிடலாம். சூடேறி நிறம் மங்கிய ரெசிஸ்டரை மட்டும் கண்ணை நம்பி மாற்றாதீர்கள், மீட்டர் வையுங்கள்.

நர்சிங் மாணவி, திருச்சி:
அண்ணா, எங்களுக்கும் அதே தொல்லைதான். மூளை நரம்பு 12 ஜோடிக்கான வாக்கியம் "ஓ, ஓ, ஓ" என்றே தொடங்கும். எந்த "ஓ" எது? சீனியர் அக்கா சொல்லித் தந்தது: மூக்கு ஒன்று, கண் இரண்டு. முதல் நரம்பு மோப்பத்துக்கு, இரண்டாவது பார்வைக்கு. மூன்றாவது, கண்ணை அசைப்பது. அதற்குப் பிறகு அந்த வாக்கியமே போதும். ஆனால் டீச்சர், எல்லாவற்றுக்கும் இப்படி உள்ளே ஒரு காரணம் கிடைக்காது. மருந்துப் பெயர்களுக்கு அர்த்தமில்லாத வாக்கியம்தான் கட்டுகிறேன், அதுவும் பரீட்சையில் காப்பாற்றத்தான் செய்கிறது.

வங்கி ஊழியர், கோவை:
கிழமைக்கு ஒன்று. 4/4, 6/6, 8/8, 10/10, 12/12 இந்த ஐந்து தேதிகளும் எந்த வருடமானாலும் ஒரே கிழமை. கணித மேதை ஜான் கான்வே பரப்பிய முறை இது. 2026‑க்குச் சனி. 8/8 சனி என்றால் ஆகஸ்ட் 15‑உம் சனி. காலண்டரைத் தேடாமல் லீவு கணக்குப் போட்டுவிடுவேன். டீச்சர், என் மகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறாள். பத்துப்பாட்டை வரிசையாகச் சொல்ல வழி இருக்கிறதா?

தமிழாசிரியை, கும்பகோணம்:
இருக்கிறது சார், பழைய வெண்பாவே இருக்கிறது.

"முருகு பொருநாறு பாணிரண்டு முல்லை
பெருகு வளமதுரைக் காஞ்சி – மருவினிய
கோலநெடு நல்வாடை கோல்குறிஞ்சி பட்டினப்
பாலை கடாத்தொடும் பத்து."

முருகு திருமுருகாற்றுப்படை, கடாம் மலைபடுகடாம். மகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணும்போது ஒன்பதுதான் வருகிறது என்றால் "பாணிரண்டு" என்பதை ஒன்றாக எண்ணியிருப்பாள். அது சிறுபாணும் பெரும்பாணும்.