பையன் தன் காசில் காணிக்கை போட மாட்டேன் என்கிறான், கட்டாயப்படுத்தலாமா?

ராயபுரம்_அம்மா:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. பையனுக்கு ஒன்பது வயது, நாலாவது படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அவன் கையில் இருபது ரூபாய் கொடுப்போம், காணிக்கைப் பை வரும்போது அழகாகப் போட்டுவிடுவான், பக்கத்து வரிசை ஆன்ட்டிகள் எல்லாம் மெச்சுவார்கள். போன மாதம் பிறந்தநாளுக்கு மாமா, சித்தி, தாத்தா கொடுத்ததில் 1,400 ரூபாய் சேர்ந்தது. ரெண்டு மூணு நாள் கழித்து, பத்தில் ஒரு பங்கு கர்த்தருக்கு, தசமபாகம் 140 எடுத்து வைடா என்றேன். "நீ குடுக்குற இருபது ரூபா உன் காசு, இது என் காசு" என்று ஒரே அழுகை. நானும் விடவில்லை. நானே எடுத்துக் கவரில் போட்டு, அவன் பெயரையும் எழுதி, கையில் திணித்துப் போட வைத்தேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, சரி, பிள்ளைதானே என்று விட்டேன். நேற்று துவைக்க எடுக்கும்போது பார்த்தால் மீதிக் காசெல்லாம் தலையணை உறைக்குள் இருக்கிறது. என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறான்! எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்காரர், இப்போது பழக்காவிட்டால் எப்போதும் வராது என்கிறார். எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சம்பள நாளில் மளிகைக் கணக்குக்கும் முன்னால் காணிக்கைக் கவரைத்தான் எடுத்து வைப்பார், அதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். எங்களைக் கட்டாயப்படுத்தியதாக நினைவில்லை. கட்டாயப்படுத்தி நான்தான் மறந்துவிட்டேனோ என்னவோ. உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

தண்டையார்பேட்டை_அப்பா:
சிஸ்டர், நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். பிடிக்கிறதா என்று கேட்டுவிட்டா பிள்ளைக்குப் பல் தேய்த்துவிடுகிறோம்? நீங்கள் சறுக்கியது வேறு இடத்தில். மூன்று நாள் அவன் அந்த நோட்டுகளை எண்ணி எண்ணிப் பார்த்து, மனதுக்குள் என்னவெல்லாமோ வாங்கி முடித்த பிறகு போய்க் கேட்டிருக்கிறீர்கள், யாருக்கும் வலிக்கும். எங்கள் வீட்டில் காலி பூஸ்ட் டப்பா மூன்று இருக்கிறது, ஒன்று காணிக்கைக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று கைச்செலவுக்கு. யார் எவ்வளவு கொடுத்தாலும் வாசலிலேயே பிரித்துவிட வேண்டும். பி.எஃப். பிடித்தது போகத்தானே நம் கைக்குச் சம்பளம் வருகிறது, அதற்காக மாதாமாதம் யாராவது அழுகிறோமா? (முதல் மாதம் அழுதேன், அது வேறு.)

பெரம்பூர்_டீச்சர்:
பிரதர் சொன்ன டப்பா முறை நல்லதுதான், ஆனால் பி.எஃப். உதாரணம் எனக்கு இடிக்கிறது. பிடித்தம் வேறு, காணிக்கை வேறு. பதினாறு வருஷமாக ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தில் ஒன்று என்று கணக்காகப் பேசுகிற நாம் பைபிளில் உபாகமம் 14-ஐ அதிகம் திறப்பதில்லை. அங்கே தசமபாகம் விளைச்சலில் வருகிறது, அதைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்துப் பங்கு ஊர் வாசலிலேயே வைக்கப்படும், சொந்த நிலமில்லாத ஆலய ஊழியனான லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட. பவுல் கொரிந்து சபையில் எருசலேம் ஏழைகளுக்காகக் காசு சேர்க்கும்போது, வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை எடுத்து வையுங்கள் என்றார், விசனமாகவும் வேண்டாம், கட்டாயமாகவும் வேண்டாம் என்றார். சதவீதம் எதுவும் அவர் சொல்லவில்லை. உங்கள் பையன் அழுததில் விசனமும் இருக்கிறது, கட்டாயமும் இருக்கிறது.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் வகுப்பில் சார்ட் ஒட்டி, காணிக்கை கொண்டுவந்த பிள்ளைக்கு ஸ்டார் போட்டேன். இரண்டே வாரத்தில் பத்து ரூபாய் கொண்டுவந்த பிள்ளை ஒரு ரூபாய் கொண்டுவந்ததைக் கேலி செய்தது. அடுத்த ஞாயிறு பாடம் எது தெரியுமா, எல்லோரையும்விட அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்ன ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட காசு! மாற்கு 12-இல் "ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு" என்று வாசித்ததும், பைபிள்ல துட்டுன்னு இருக்கா மிஸ் என்று வகுப்பே சிரித்தது. நம்ம ஏரியா பிள்ளைகள் அல்லவா. நான் மட்டும் சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே கிழித்துவிட்டேன். கவரில் பையன் பெயரை எழுதினேன் என்று படித்ததும் அந்தச் சார்ட்தான் ஞாபகம் வந்தது.

காசிமேடு_மீன்காரி:
அக்கா, நாங்கள் கத்தோலிக்கர், தசமபாகக் கணக்கு எங்கள் வீட்டில் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுப்பார்கள், அந்த நாற்பது நாள் ஐஸ் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை அதில் போட வேண்டும். என் பெரியவள் ஐஸையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் காசு கேட்டு உண்டியலில் போட்டாள். உங்கள் பையன் இருபது ரூபாய் கதைதான் அதுவும்.

அவள் மாறியது வேறு மாதிரி. எங்களுக்கு ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, தடைக்காலம். அண்ணாச்சி கடையில் கடன், பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி என்றுதான் ஓடும். இப்படி வாங்கிச் சாப்பிடுவதைப் பிள்ளைகளிடம் நான் மறைத்ததே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் கலந்து முகத்துவாரத்து ஊர்களில் வலை, படகு எல்லாம் கருப்பாகிப் போனபோது, என் தங்கச்சி வீடு அந்தப் பக்கம், அவர்களுக்குத் துணி எடுத்து வைத்தேன். பழைய புடவை ஒன்றை மடித்தேன், எங்கள் அம்மா பார்த்துவிட்டார். "இத்தக் கட்டிக்கினு நீ தெருவுல போவியா? மாட்டேன்னா அவளுக்கு மட்டும் எதுக்கு?" அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அப்புறம் உள்ளே போய்த் தன் புதுப் போர்வையைக் கொண்டுவந்து மூட்டை மேல் வைத்தாள். எனக்குத் திக்கென்றது, அதை வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன் பாருங்கள், அதுதான் அக்கா கஷ்டம். காணிக்கைப் பையில் போடுகிற காசு எங்கே போகிறது என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. போர்வை யாருக்குப் போகிறது என்று அவளுக்குத் தெரியும், சித்தி பெண் குளிரில் படுத்திருக்கிறாள்.

வியாசர்பாடி_75:
அந்த 140 ரூபாயைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்மா. அது அவன் கொடுத்ததே இல்லை.

தண்டையார்பேட்டை_அப்பா:
போட்ட காணிக்கையைத் திருப்பி வாங்குவதா? எந்த ஊர் நியாயம் ஐயா இது?

வியாசர்பாடி_75:
பையிலிருந்து யார் எடுக்கச் சொன்னது தம்பி? அம்மா பர்ஸிலிருந்து கொடுக்கட்டும். பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்கட்டும், கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

ராயபுரம்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி 140-ஐத் திருப்பிக் கொடுத்தேன், வீட்டுக்காரர் ஒரு நாள் முறைத்துக்கொண்டே இருந்தார். பையன் வாங்கிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காசு தலையணையிலிருந்து அலமாரிக்கு வந்துவிட்டது. அந்தப் போர்வைக் கதையைச் சாப்பிடும்போது சொன்னேன், அந்த அக்காவுக்கு இப்போது வேறு போர்வை இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். காசிமேடு தங்கச்சி, இருந்தால் சொல்லு, தினமும் கேட்கிறான்.

இந்த ஞாயிறு நான் இருபது ரூபாய் கொடுக்கவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. ஆராதனை நடுவில் சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்தான். பை எங்கள் வரிசைக்கு வந்ததும் என் காதில், "முப்பதுதான் போடணும்னு நெனச்சேன். பைக்குள்ள இருந்து மீதி இருபது எடுத்துக்கலாமா?" என்கிறான். பை பிடித்திருந்தவர் எங்களையே பார்க்கிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரக்கா, இதற்கு உபாகமத்தில் ஏதாவது இருக்கிறதா?

பெரம்பூர்_டீச்சர்:
இல்லைம்மா. அடுத்த வாரம் சில்லறை மாற்றி வைத்துக்கொண்டு போங்கள்.