ஒன்பதாம் வகுப்பில் செய்யுள், இலக்கணம், சொல்வளம்: சேர்த்து நடத்துவது எப்படி?

கேள்வி – தமிழாசிரியை, ஜனக்புரி, தில்லி
அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசி வளர்பவர்கள். செய்யுளுக்கு ஒரு நாள், இலக்கணத்துக்கு ஒரு நாள் என்று பிரித்தே நடத்திவருகிறேன். முற்றும்மை, எண்ணும்மை ஆகிய 'உம்' வகைகளின் வரையறையைப் பிசகாமல் ஒப்பிக்கிறவர்களே கட்டுரையில் 'பறவைகள் பறக்கிறது' என்று எழுதுகிறார்கள். சொற்பொருள் பட்டியலோ தேர்வு முடிந்த கையோடு மறந்துபோகிறது. இதற்கு வழி என்ன?

பதில் – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரோல் பாக்
அம்மா, வணக்கம். மூன்றையும் பிரித்து நடத்துவதே சிக்கலின் வேர் என்று கருதுகிறேன். புறநானூற்றின் 192ஆம் பாடலான கணியன் பூங்குன்றனார் செய்யுளை எடுத்துக்கொள்ளுங்கள். 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்னும் முதலடியில் உள்ள உம்மைகள், எதையும் எவரையும் விட்டுவிடாமல் முழுமையைச் சுட்டுவதால் முற்றும்மை. 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்னும் அடுத்த அடியில் அதே 'உம்' இரண்டை எண்ணி அடுக்குவதால் எண்ணும்மை. இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். வரையறையைப் பிறகு எழுதிப்போட்டால் போதும்.

'வாரா' என்னும் சொல்லில் சற்று நின்று பேசுங்கள். தீது மட்டும் என்றால் 'வாராது'. தீதும் நன்றும் என்று இரண்டானதால் 'வாரா'. பேச்சுத் தமிழில் அஃறிணைப் பன்மைக்கென்று தனி வினைமுற்று வழங்குவதில்லை. 'பறவைங்க பறக்குது' என்றே பிள்ளைகள் வீட்டில் கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் குறிப்பிட்ட பிழை கவனக்குறைவால் வருவதன்று, காதில் விழுந்த மொழியிலிருந்து வருவது. 'வாராது – வாரா', 'பறக்கிறது – பறக்கின்றன' என்று கரும்பலகையில் எதிரெதிரே எழுதினால், ஒரு பழம்பாடலின் வினைமுற்றும் தங்கள் கட்டுரையின் வினைமுற்றும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பது அவர்களுக்குப் புலப்படும்.

'கேளிர்' என்பதைக் 'கேளுங்கள்' என்று பொருள்கொள்ளும் மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். உறவினர் என்று விளக்கியபின், 'நிறைநீர நீரவர் கேண்மை' என்னும் 782ஆம் குறளையும் உடன் படிக்கச் செய்யுங்கள். 'கேண்மை' என்றால் நட்பு. ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சொற்கள் இரண்டு பாடல்களோடு சேர்ந்து மனத்தில் தங்கும்.

பதில் – ஒரு தாய், மயூர் விஹார்
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நம் பிள்ளைகளின் இந்தியையும் துணைக்கு அழைக்கலாம். 'பக்ஷி உட்தா ஹை' என்றால் ஒரு பறவை, 'பக்ஷி உட்தே ஹைன்' என்றால் பல பறவைகள். அங்கே பெயர் மாறாமல் வினை மட்டுமே பன்மையைக் காட்டுகிறது. அதைத் தவறாமல் எழுதும் என் மகளுக்கு, தமிழிலும் வினை அவ்வாறு மாற வேண்டும் என்று சொன்னவுடனே விளங்கியது. இந்தி கலந்துவிட்டதால்தான் தமிழ் கெட்டது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது எனக்கு உடன்பாடன்று.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 192ஆம் பாடலோடு அடுத்த வாரமே தொடங்குகிறேன். ஆனால் தேர்வில் வரையறையைத் தனியே கேட்பார்களே, அதற்கு என்ன செய்வது?

பதில் – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கரோல் பாக்
வரையறையை விட்டுவிட வேண்டியதில்லை அம்மா. ஒவ்வொரு வரையறைக்குக் கீழும் பாடலிலிருந்து ஓர் அடியையும், தாமே அமைத்த வாக்கியம் ஒன்றையும் மாணவர்கள் எழுதட்டும். திருத்தும்போது அந்தச் சொந்த வாக்கியத்தை முதலில் பாருங்கள். விதி பிடிபட்டதா என்பது அதில் தெரிந்துவிடும்.