4441-க்குக் கீழே தேடினால் தேயிலையே வரவில்லை (பைத்தன்)

கேள்வி – பண்டாரவளை
என்சிபிஐ (அமெரிக்க உயிரித்தகவல் மையம்) தரும் உயிரின வகைப்பாட்டுக் கோப்பை இறக்கி, ஒரு ஐடி கொடுத்தால் அதன் கீழுள்ள இனங்களைத் தரும் ஃபங்ஷன் எழுதினேன். பிள்ளை இல்லாத நோடுகளை, அதாவது மரத்தின் நுனிக் கணுக்களை, சேர்க்கிறது. கமீலியா சாதிக்கு (ஜீனஸ், 4441) ஓட்டினால் சீன வகையும் அசாம் வகையும் வருகின்றன, தேயிலை இனமான கமீலியா சினென்சிஸ் (4442) மட்டும் இல்லை. ஓடி முடியவும் நெடுநேரம். தன்னையே அழைத்து வேர்வரை மேல்நோக்கிப் போகும் ஃபங்ஷனோ ரிகர்ஷன் எரரில் நிற்கிறது. பெயரால் தேடினால் வெறும் லிஸ்ட். எங்கே பிழை?

பதில் – ஹட்டன்
பிள்ளை இல்லாததெல்லாம் இனம் என்று எடுத்துக்கொண்டதுதான் வினை. 4442-க்குக் கீழே அந்த இரண்டு வகைகளும் தொங்குகின்றன. ஆகவே அது நுனியே அல்ல. நோட்ஸ் (nodes) கோப்பின் மூன்றாவது பத்தியில் (நெடுவரிசையில்) தரம் (ரேங்க்) இருக்கிறது. அது 'ஸ்பீஷீஸ்' என்றால் சேர்த்துவிட்டு அந்தக் கிளையில் இறங்காதீர்கள். மற்ற எதுவானாலும் இறங்குங்கள்: சாதிக்கும் இனத்துக்கும் நடுவே தரமில்லாத நோடுகளும் வரும், நேர்ப் பிள்ளைகளோடு நின்றால் அவற்றின் கீழுள்ளவை போய்விடும்.

தாமதத்துக்குக் காரணம், ஒவ்வொரு நோடுக்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை முதலிலிருந்து தேடுவது. கோப்பை ஒரே தடவை வாசித்து, தாய் ஐடியைச் சாவியாகவும் பிள்ளைகளின் லிஸ்டை மதிப்பாகவும் வைத்து டிக்ஷனரி கட்டுங்கள். பிறகு, இறங்க வேண்டிய ஐடிகளை அடுக்கி வைக்க ஒரு ஸ்டாக் போதும்.

பதில் – நுவரெலியா
ரிகர்ஷன் எரர், பெயர்த் தேடல் ஆகிய மற்ற இரண்டுக்கும். வேரின் ஐடி 1, அதன் தாயும் 1. தன்னையே தாயாகக் காட்டும் வரியில் நிறுத்தாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். பைத்தன் வழக்கமாக 1000 அழைப்போடு கைவிரித்துவிடும். ஐடியும் தாயும் ஒன்றானால் ரிட்டர்ன் செய்யுங்கள்.

பெயர்க் கோப்பில் பத்திகளுக்கு நடுவே டேப், நிலைக்கோடு (|), டேப். வரி முடிவில் டேப்பும் நிலைக்கோடும் மட்டும். அந்த மூன்றெழுத்தால் ஸ்பிளிட் செய்தால் கடைசிப் பத்தி 'சயன்டிஃபிக் நேம்' என்பதோடு வால் ஒட்டியே வரும், ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது. முதலில் வாலை வெட்டுங்கள். 'மோரஸ்' போன்ற பெயருக்கு ஒரு ஐடி வந்தால் நம்பாதீர்கள்: முசுக்கட்டையும் அதுதான், ஒரு கடற்பறவைச் சாதியும் அதுதான்.

பதில் – ஹட்டன்
வகைப்பாட்டு மரங்களைக் கையாளும் ஈடிஇ3 என்ற பைத்தன் நூலகத்துக்கு மாறினாலும் இதே பொறி. அதன் கெட்_டிசென்டன்ட்_டாக்ஸா ஃபங்ஷன் இயல்பாக நுனிகளையே தரும். கொலாப்ஸ்_சப்ஸ்பீஷீஸை ட்ரூ ஆக்கினால் 4442 வரும்.