கலைச்சொல் வேண்டும்: ‘டிப்’ – தோயலா, தொடுகறியா?

அனைவருக்கும் வணக்கம்.

ஹூஸ்டனில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஒரு சின்ன சமையல் கையேடு தயாரிக்கிறோம். பிப்ரவரி 10 உலகப் பயறு நாள். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டமும் 2022இலிருந்து பிப்ரவரி இரண்டாம் ஞாயிறன்றுதான் நடக்கிறது. இரண்டும் முன்பின்னாக வருவதால், நாலு குடும்பம் கூடி ஆட்டம் பார்க்கும் வீட்டில் கோழி இறக்கைக்கும் உருக்கிய சீஸுக்கும் நடுவே பயறு வகைகளையும் வைக்கலாமே என்று ஒரு எண்ணம். புத்தாண்டு அன்று இந்தப் பக்கம் சமைக்கும் ஹாப்பின் ஜான் என்ற பயற்றுச் சோறும் கையேட்டில் உண்டு.

குறிப்புகளை எழுதி முடித்தாயிற்று. சொற்கள்தான் இடிக்கின்றன. சிப்ஸ், ரொட்டி போன்றவற்றால் தொட்டுத் தின்னும் ‘டிப்’ என்பது பக்கத்துக்கு நாலு தடவை வருகிறது. அப்படியே விட்டுவிடலாம் என்றால் பள்ளி ஆசிரியைகள் ஒப்பவில்லை. ‘சட்னி’ என்று போட்டால் இட்லி எங்கே என்பார்கள். ‘பீன்’ என்பதற்கு எங்கே பயறு, எங்கே பருப்பு என்றும் தெரியவில்லை. ‘ரீஃபிரைடு பீன்ஸ்’ என்பதை ‘மறுவறுத்த பீன்ஸ்’ என்று எழுதியிருக்கிறேன். படிக்க நன்றாக இல்லை. அப்புறம், கடித்த சிப்ஸை மறுபடி கிண்ணத்தில் விடுவதை இங்கே ‘டபுள் டிப்பிங்’ என்பார்கள். குழந்தைகள் பக்கத்தில் அதற்கும் ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

---

அம்மா, வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன்.

வினையடி ‘தோய்’. தோய்த்து உண்பது தோயல். பயற்றில் செய்தால் பயற்றுத் தோயல், ஏழு அடுக்காக வைத்தால் ஏழடுக்குத் தோயல். அவியல், பொரியல், துவையல், மசியல் என்ற வரிசையில் இதுவும் உறுத்தாமல் உட்காரும். பேச்சுக்கு நெருக்கமான வினை ‘முக்கு’தான், டீயில் ரொட்டியை முக்கித்தான் தின்கிறோம். ஆனால் ‘முக்கல்’ என்று ஒரு சமையல் நூலில் அச்சடிக்க முடியாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

‘பீன்ஸ்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். இங்கே சந்தையில் பீன்ஸ் கால் கிலோ என்றால் நறுக்கிப் பொரிக்கிற பச்சைக் காயைத்தான் எடுத்துப் போடுவார்கள். உங்கள் குறிப்பை நம்பி யாராவது அதை வேகவைத்து அரைத்துவிடப் போகிறார்கள். காய்ந்த முழு விதை என்றால் பயறு. தோல் நீக்கி உடைத்தால் பருப்பு. இந்த வேறுபாடு நம்மிடம் தெளிவாகவே இருக்கிறது.

---

ஐயா, பயறு பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். தோயலில்தான் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாசில் பல வருடம் இருந்து, இந்தப் பண்டங்களைச் செய்தும் தின்றும் பழகியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

தோய்வதற்கு நீர்மம் வேண்டும். பொருள் நனைய வேண்டும், கொஞ்சம் ஊற வேண்டும். பயற்று டிப்பில் அது நடக்காது. ஒரு டப்பா கறுப்பு ராஜ்மாவை வடித்து, பூண்டு, சீரகத் தூள், ஒரு ஹலபீன்யோ மிளகாய், எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து அரைத்துப் பாருங்கள். கரண்டி நட்டால் நிற்கும். அதில் மக்காச்சோளச் சிப்ஸை நேராக இறக்கினால் நனையாது, முறியும். முறிந்த துண்டை எடுக்க இன்னொரு சிப்ஸ், அதுவும் முறியும். கிண்ணத்தின் ஓரமாகச் சாய்த்து அள்ள வேண்டும். கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்முஸும் அப்படித்தான். ரொட்டியைக் கிழித்து வழித்து எடுப்பார்களே தவிர, யாரும் தோய்ப்பதில்லை. தவிர, எங்கள் வீட்டில் தோய்ப்பது என்றால் துணி. ‘ஏழடுக்குத் தோயல்’ என்றால் என் மாமியார் சோப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

நாம் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் கேட்பது என்ன? “தொட்டுக்க என்ன இருக்கு?” கெட்டியோ நீரோ, அரைத்ததோ மசித்ததோ, முக்கிய உணவோடு பக்கத்தில் வைத்துத் தொட்டு உண்பது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ‘தொடுகறி’ என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது, அகராதியிலும் இருக்கிறது. புதிதாக ஒன்றைச் செய்வானேன்? தொடுகோடு, தொடுதிரை என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அமைப்பும் பழக்கம்.

ரீஃபிரைடு பீன்ஸ்: ‘மறுவறுத்த’ வேண்டாம். மெக்சிகோ ஸ்பானிய மொழியில் அது ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ். அங்கே ‘ரெ’ என்பது மறுபடி என்ற பொருளில் வரவில்லை. நன்றாக, சுண்டச் சுண்ட என்ற அழுத்தத்துக்கு வருகிறது. ஆங்கிலத்துக்குப் போனபோதே பொருள் பிசகிவிட்டது, அந்தப் பிசகை நாமும் சுமக்க வேண்டாம். செய்முறையிலும் இரண்டு முறை வறுப்பது கிடையாது. வேகவைத்த பயற்றைக் கொழுப்பில் போட்டு மசித்துக்கொண்டே வதக்குவார்கள், அவ்வளவுதான். ‘வதக்கிய பயற்று மசியல்’ என்று எழுதுங்கள். பழைய முறையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். உங்கள் கையேட்டுக்கு இரண்டு கரண்டி எண்ணெயும், பயறு வெந்த நீரும் போதும். அந்த நீரைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் விட்டால் சுவை செத்துவிடும்.

பெயர்களில் இன்னொரு சிக்கல். ‘கறுப்புப் பயறு’ என்றால் நம் ஆட்கள் தோல் உளுந்தை நினைப்பார்கள். சிவப்பு ராஜ்மா, கறுப்பு, பின்டோ, வெள்ளை நேவி எல்லாம் தாவரவியலில் ஒரே இனம், ஃபேசியோலஸ் வல்காரிஸ். அதனால் ராஜ்மாவைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு சிவப்பு ராஜ்மா, கறுப்பு ராஜ்மா, வெள்ளை ராஜ்மா, புள்ளி ராஜ்மா என்று போகலாம். பின்டோ என்பதற்கும் வண்ணம் தீட்டியது, புள்ளியிட்டது என்றுதான் பொருள். ராஜ்மா தமிழ்ச்சொல் இல்லைதான். ஆனால் பலசரக்குக் கடையில் கேட்டால் சரியான பையை எடுத்துத் தருவார்கள். கையேட்டுக்கு அது முக்கியம்.

ஹாப்பின் ஜானில் போடுவது ராஜ்மா இனம் இல்லை. அது நம் தட்டைப்பயறு, காராமணி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதிக்கு வந்தது. அரிசியோடு சேர்த்துச் சமைக்கும் இந்தக் குறிப்பு 1847இல் தென் கரோலினாவில் வெளியான ஒரு சமையல் நூலிலேயே அச்சாகியிருக்கிறது. புத்தாண்டன்று பயறு நாணயம், கீரை பணநோட்டு, சோள ரொட்டி தங்கம் என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு போடுவது. புகையூட்டிய மிளகாய்த் தூள் இருந்தால் இறைச்சி இல்லாமலும் அந்த வாசனை ஓரளவு வந்துவிடும். இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம். ஹாப்பின் ஜான் என்றே இருக்கட்டும்.

சொல்லை விட முக்கியமான ஒன்று. கையேட்டில் எங்காவது பெரிய எழுத்தில் போடுங்கள்: காய்ந்த சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்த பிறகுதான் எதற்கும் பயன்படுத்த வேண்டும். அதிலிருக்கும் லெக்டின் என்ற புரதம் அரைவேக்காட்டில் அழியாது. வாந்தியும் பேதியும் வரும். ஆட்ட நாளுக்கென்று காலையிலேயே மெதுவடுப்புப் பானையில் (ஸ்லோ குக்கர்) வேகாத ராஜ்மாவைக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பானையின் சூடு பல சமயம் அதற்குப் போதாது. நம் வீட்டுக் குக்கரில் நன்றாக வெந்தால் கவலை இல்லை. டப்பாப் பயறு ஏற்கெனவே வெந்ததுதான். அதை வடித்துக் குழாய் நீரில் அலசினால் உப்பும் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும்.

‘டபுள் டிப்பிங்’ என்பதற்கு யோசிக்கவே வேண்டாம். எச்சில். நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமும் இல்லை. ‘எச்சில் தொடல்’ என்று வையுங்கள். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2009இல் கட்டுரை வந்தது. கடித்த துண்டை மறுபடி விட்டால் கிண்ணத்தில் பாக்டீரியா கூடுகிறது என்று கண்டார்கள். கெட்டியானவற்றைவிட நீர்த்த தக்காளிச் சல்சாவில் அதிகமாகச் சேர்ந்ததாம், வழிந்து திரும்பக் கிண்ணத்திலேயே விழுவதால். “எச்சிப் பண்ணாதே” என்று பாட்டி கத்தியதற்கு இப்போது ஆய்வுத்தாளும் இருக்கிறது.

---

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ.

தொடுகறிக்கு என் வாக்கு. எங்களுக்குப் பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி, அதனால் ஒரு தடுமாற்றமும் இல்லை. தட்டைப்பயறு என்று எழுதும் இடத்தில் ‘கௌபி’ என்றும் சேர்த்துவிடுங்கோ. எங்கட ஆக்களுக்கு அதுதான் விளங்கும்.

ஹம்முஸை ஹம்முஸ் என்றே விடவேணும். அரபியில் அந்தச் சொல்லுக்குக் கடலை என்றுதான் பொருள், நீங்கள் சொல்லும் கொண்டைக்கடலை. அதை ‘கடலைத் தொடுகறி’ ஆக்கினால் லெபனான்காரர் சண்டைக்கு வருவினம். 2010இல் அவர்கள் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸில் பதிந்தவை. நாட்டின்ர பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்தக் கணக்கு. பெயரில் அவ்வளவு பிடிப்பு உள்ளவர்களிடம் போய்க் கைவைக்க வேண்டாம். எள் விழுதை மட்டும் எள் விழுது என்று எழுதலாம். கடலை ஊறும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் தோல் இளகி, அரைக்கும்போது வெண்ணெய் மாதிரி வரும் என்பதையும் சேருங்கோ.

---

சென்னையிலிருந்து ஒரு எதிர்ப்பு. சிறியதுதான், ஆனால் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் இன்றைக்குக் கறி என்றால் இறைச்சி. கறிக்கடை, கறிக்குழம்பு. சில வீடுகளில் வாழைக்காய்க் கறி என்பார்கள், சரி. ஆனால் பெரும்பாலோர் காதில் ‘பயற்றுத் தொடுகறி’ என்றால் உள்ளே ஆட்டிறைச்சி இருக்கிறதா என்ற கேள்விதான் வரும். சைவ உணவுக்காரர்களும் புரட்டப்போகிற கையேடு. அகராதி நம் பக்கம் இருந்தாலும் வாசகர் இருக்க மாட்டார்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் நமக்கும் ஒன்றே வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்? ‘தொடு’ என்ற முன்னொட்டை வைத்துக்கொண்டு, பின்னால் பண்டத்தின் வகையைச் சேர்க்கலாம். பயற்றை மசித்தால் தொடுமசியல். தயிரில் செய்தால் தொடுபச்சடி. கறுப்பு ராஜ்மாத் தொடுமசியல் என்று படித்ததும் கிண்ணத்தில் என்ன இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. தொடுகறி பின்னிணைப்பில் பொதுத் தலைப்பாக மட்டும் இருக்கட்டும்.

---

மதுரையிலிருந்து மறுபடியும்.

தோயலை விட்டுக்கொடுக்கிறேன். மாமியார் சோப்புக்கு முன்னால் இலக்கணம் நிற்காது. தொடுமசியல் நல்ல வினைத்தொகை: தொட்ட, தொடுகின்ற, தொடும் மசியல், மூன்று காலத்துக்கும் பொருந்தும். தொடுபச்சடியில் வல்லினம் மிகாது. ‘தொடுப்பச்சடி’ என்று யாராவது திருத்தினால் விடாதீர்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. பயற்று வகைகளுக்குத் தொடுமசியல் என்றே மாற்றிவிட்டேன். எச்சில் தொடலுக்கு ஆசிரியைகள் கைதட்டினார்கள். ‘கௌபி’யும் சேர்த்தாயிற்று.

ஏழடுக்குதான் கொஞ்சம் இழுத்தது. அடியில் வதக்கிய பயற்று மசியல், மேலே வெண்ணெய்ப்பழ மசியல், புளித்த கிரீம், சல்சா, சீஸ், ஆலிவ், வெங்காயத்தாள். பாதி மசியல், பாதி தூவல். ‘ஏழடுக்குத் தொடுமசியல்’ என்றே போட்டுவிட்டேன், அடித்தளத்தை வைத்துத்தானே பெயர். புளித்த கிரீமுக்குப் பதில் துணியில் கட்டி நீர் வடித்த தயிர். சீஸ் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். இதுபோலத் தயிரும் வெண்ணெய்ப்பழமும் சேர்ந்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. ஆட்டமோ பெரும்பாலும் மூன்றரை மணி நேரம் ஓடும். அதனால் இரண்டு சின்னத் தட்டாகச் செய்து, ஒன்றை இடைவேளை வரை குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம்: கௌபாய் கேவியர். டெக்சாஸ் கேவியர் என்றும் சொல்வார்கள். நியூயார்க்கிலிருந்து டெக்சாஸுக்கு வந்த ஹெலன் கார்பிட் என்ற சமையல் வல்லுநர் 1940 வாக்கில், ஹூஸ்டனில் ஒரு புத்தாண்டு விருந்துக்காகத் தட்டைப்பயற்றை எண்ணெய், வினிகர், வெங்காயம், பூண்டில் ஊறவைத்துப் பரிமாறியது. ஏழை வீட்டுப் பயற்றுக்கு மீன்முட்டைப் பணக்காரப் பெயர் வைத்த கேலி அது. இப்போது குடைமிளகாய், சோளம், தக்காளி, கறுப்பு ராஜ்மா எல்லாம் சேர்க்கிறார்கள். சிப்ஸால் அள்ளித்தான் சாப்பிடுகிறோம், ஆனால் மசிப்பது இல்லை, பயறு முழுசாகவே இருக்கும். எனவே தொடுமசியல் ஆகாது. தாளிப்பும் தேங்காயும் இல்லாவிட்டாலும் எனக்கு அது சுண்டலாகத்தான் தெரிகிறது. ‘டெக்சாஸ் சுண்டல்’ என்று வைத்தால் கேலி போய்விடும். ‘கேவியர்’ என்று விட்டால் சைவக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் சுண்டல்தான்.