ஐந்து நாளும் கொழும்புக்கு வரச் சொல்கிறார்கள்

நான் (எங்கள் குடும்பக் குழுவில்): அடுத்த மாதத்திலிருந்து கிழமையில் 5 நாளும் கொழும்பு அலுவலகத்துக்கு வர வேண்டுமாம். கடிதம் வந்துவிட்டது. இரவு முழுவதும் தூக்கமில்லை.

மாமி: என்ன பிள்ளை இது? இத்தனை வருடம் வீட்டிலிருந்தே வேலை செய்தாய்தானே?

நான்: 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்குக் கொரோனா ஊரடங்கு போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் இங்கே திருகோணமலை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், மாமி. ஒரு கிழமைதானே என்று இரண்டே உடுப்பு கொண்டுவந்தேன்.

அண்ணா (வத்தளை): புதிதாகச் சேர்பவர்கள் நேரில் இருந்தால்தான் வேலை பழகுவார்கள். அலுவலகம் கேட்பதில் அந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் பயணம்தான் கொடுமை. தொற்றுக் காலத்தில் ஆசனம் இருந்தால் மட்டுமே பஸ்ஸில் ஏற்றினார்கள். இப்போது கொழும்புக் கோட்டை வரை ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

நான்: அவர்களைப் பழக்கிவிடக் கிழமையில் ஓரிரு நாள் மனமாரப் போவேன், அண்ணா. முன்பு நான் பட்டது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு இரவு ரயில். வழியில் கல் ஓயாச் சந்தி நிலையம் தாண்டியும் கண் மூடாது. விடியக் கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, நேரே அலுவலகம். வெள்ளி இரவு திரும்பவும் அதே ரயில். கிழமையில் இரண்டு பகல்தான் அப்பாவின் முகம் பார்த்தேன்.

சின்ன மாமா: 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. எங்கள் கடை ஜெனரேட்டரில் மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றி வேலையை முடித்தாய். அலுவலகத்துக்குப் பதில் எழுதும்போது அதை மறக்காமல் எழுது.

தங்கச்சி: மாமா சைக்கிளுக்கு மாறியதும் அந்த வருடம்தானே?

சின்ன மாமா: இல்லை, 2020இலேயே. பஸ்ஸில் யாராவது இருமினால் நெஞ்சு பதறும். உப்புவெளியிலிருந்து சந்தைக்குச் சைக்கிளை எடுத்தேன். பிறகு 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்றார்கள். நான் கவலைப்படவில்லை. காலையில் பஸ் நிலையத்தடியில் மான்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டு போவது இன்றும் எனக்கு நிம்மதி.

தங்கச்சி: அக்கா, உங்கள் பக்கம்தான் நான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தாதிகளுக்கு வீட்டிலிருந்து வேலை என்பதே கிடையாது. ஊரடங்கில் அனுமதிச்சீட்டோடு போவேன். பஸ்ஸில் மூன்று பேர், வீதியில் ஒரு மனிதர் இல்லை. வார்டில் மட்டும் இடமில்லை. வீடு திரும்பினால் அப்பாவின் அறைப் பக்கம் போகவே பயந்தேன். அந்த நாட்களில் அவருக்குச் சோறு கொடுத்தது நீங்கள்தான்.

அப்பா: மகள், என்னை நினைத்து வேலையை விடாதே. கிளினிக்குக்கு முச்சக்கர வண்டியில் தனியாகப் போய் வருவேன்.

நான்: தனியாக விடமாட்டேன், அப்பா. வேலையையும் விடமாட்டேன். திங்களும் செவ்வாயும் அங்கே, மற்ற 3 நாள் இங்கே என்று கேட்கப் போகிறேன்.

அண்ணா (வத்தளை): அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் தங்கு. அண்ணியும் அதையேதான் சொல்கிறாள்.

நான்: அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தை இரவு 8 மணிக்கு இங்கே போடுகிறேன். ஆங்கிலத்தை நீங்கள் ஒருமுறை பார்த்துத் தாருங்கள், அண்ணா.