ஈரான் சண்டையும் எசேக்கியேல் 38உம்: கோகு வந்துவிட்டானா?

சுன்னாகம் சபைப் பெடியன்:
ஞாயிறு ஆராதனையில் பாஸ்ரர் வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் 38ஆம் அதிகாரத்தை எடுத்தார். மாகோகு தேசத்துக் கோகு, பெர்சியரையும் கோமேரையும் தொகர்மாவையும் கூட்டிக்கொண்டு இஸ்ரவேல்மேல் வருகிறான். பெர்சியர் என்றால் இன்றைய ஈரான். 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் 12 நாள் நேருக்கு நேர் அடிபட்டதை எல்லோரும் பார்த்தோம். 37ஆம் அதிகாரத்தில் உலர்ந்த எலும்புகள் எழும்புகின்றன, அது 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது. அடுத்தது 38. இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

வட்டுக்கோட்டையான்:
தம்பி, எனக்கும் சின்ன வயதில் இதைப் படம் போட்டுக் காட்டினார்கள். அப்போது கோகு சோவியத் யூனியன். சபைச் சீர்திருத்தவாதி லூத்தருக்கு அவன் துருக்கியன். 4ஆம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசுக்கு, ரோமரோடு மோதிய கோத்தியன். அதற்கும் முன்னம் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், மாகோகு என்றால் சீத்தியர் என்ற வடக்கத்தி நாடோடிகள் என்றார். யாருக்கு யாரில் பயமோ அவனே கோகு. வடதிசையிலிருந்து வருவான் என்று வேறு எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணமும் வடக்குத்தானே, கொழும்பில் யாரும் எங்களைக் கைகாட்டாமல் விட்டதே பெரிய காரியம்.

சுன்னாகம் சபைப் பெடியன்:
பகிடி இருக்கட்டும் அண்ணை. பிழையாகச் சொன்னவர்கள் இருந்தால் தீர்க்கதரிசனமே பிழையா? கடைசி நாட்களில் நடக்கும் என்று 38:16 சொல்கிறதே.

வட்டுக்கோட்டையான்:
சரி, கடைசி நாட்கள். ஆனால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல் 20இல் கோகும் மாகோகும் வருவது கிறிஸ்துவின் ஆயிரம் வருஷ ஆட்சி முடிந்து சாத்தான் அவிழ்த்துவிடப்பட்ட பிறகு. ஈரான்தான் கோகு என்றால் அந்த ஆயிரம் வருஷம் எப்போது போனது?

சுன்னாகம் சபைப் பெடியன்:
அது வேறு யுத்தம், இது வேறு. எசேக்கியேலில் பூமி அதிர்கிறது, கல்மழையும் கந்தகமும் பெய்கின்றன, அவனவன் பட்டயம் தன் சகோதரனுக்கே எதிராகத் திரும்புகிறது. பிறகு 7 மாதம் பிணம் புதைக்கிறார்கள். வெளிப்படுத்தலில் வானத்து அக்கினி பட்சித்துவிடுகிறது. அடுத்தது வெள்ளைச் சிங்காசனத்துக் கடைசி நியாயத்தீர்ப்பு. புதைக்க ஏது நேரம்? இரண்டையும் ஒன்றாகக் குழைப்பது நீங்கள்தான்.

குருநகர் கடற்காற்று:
புதைக்கிற கதை நல்ல பிடி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பக்கம் பழைய சபைத் தந்தை அகுஸ்தீனார் காலத்திலேயே கோகு ஒரு தனித் தேசமல்ல, பூமியெங்கும் பரந்த பகை என்று சொல்லியாயிற்று. ஆனால் ஒரு சந்தேகம். 39:9இல் கேடகம், வில், அம்பு, ஈட்டி எல்லாவற்றையும் 7 வருஷம் எரிக்கிறார்கள். காட்டுக்கு விறகு வெட்டவே போவதில்லை. ஏவுகணையை எப்படித் தம்பி அடுப்பில் வைப்பது?

சுன்னாகம் சபைப் பெடியன்:
எசேக்கியேல் தன் காலத்து ஆயுதத்தின் பெயரால் எழுதினார்.

குருநகர் கடற்காற்று:
வில்லும் அம்பும் அந்தக் காலத்துப் பேச்சு, பெர்சியா மட்டும் இந்தக் காலத்து ஈரானா?

நல்லூர் வடக்கு வீதி:
நான் சைவம், இடையில் புகுகிறேன். சூரன்போரில் முருகன் சூரனைப் பிளந்து சேவலும் மயிலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொள்கிறார். உங்கள் கோகுக்கு அப்படி ஒரு வழி இல்லையா?

வட்டுக்கோட்டையான்:
இல்லை ஐயா. அவனுக்குக் கிடைப்பது ஒரு புதைகுழி. ஆனால் அதுவே சின்ன விஷயமில்லை. எசேக்கியேல் கிமு 597இல் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர், கேபார் நதியோரத்தில் இருந்தவர். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் மழையோடு நின்ற எங்கள் சனத்துக்கு அவரை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கோகு தாக்க வருவதாக அவர் சொல்லும் ஊர்களில் மதில் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கதவும் இல்லை. கிடுகு வேலிக்குள் வளர்ந்த எங்களுக்கு அதுதான் நம்பக் கஷ்டம். 39:15ஐப் பாருங்கள். வழிப்போக்கன் ஒருவன் மனித எலும்பைக் கண்டால் பக்கத்தில் ஓர் அடையாளம் நாட்டுகிறான், புதைக்கிறவர்கள் வந்து எடுக்கும்வரை. எதிரியின் எலும்புக்கு அது. செம்மணிப் புதைகுழிகளில் 1999இல் 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். 2025இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது ஒரு பிள்ளையின் புத்தகப்பையும் வந்தது. அங்கே யாரும் அடையாளம் நாட்டவில்லை.

சுன்னாகம் சபைப் பெடியன்:
39:17ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? அதே பிணங்களைத் தின்னப் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் அழைப்புப் போகிறது. செம்மணியை எடுத்தது நீங்கள்தான், அதனால் கேட்கிறேன். எலும்பை எண்ணி எடுத்தால் போதுமா? செய்தவனுக்குத் தீர்ப்பே இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் தாய்க்கு அது என்ன நற்செய்தி? கடவுளின் எதிரி ஒருநாள் முற்றாகத் தோற்பான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் சனம் முகாமில் ஜெபித்தது.

வட்டுக்கோட்டையான்:
தீர்ப்பு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? எசேக்கியேலிலும் வெளிப்படுத்தல் 20இலும் கடவுளின் சனம் ஓர் ஆயுதமும் தூக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். தெஹ்ரானில் குண்டு விழும் படத்தைத் திரையில் காட்டி அல்லேலூயா சொல்வதற்கு இந்த இரண்டு இடத்திலும் வசனம் கிடையாது. அங்கேயும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள்.

சுன்னாகம் சபைப் பெடியன்:
அல்லேலூயா சொன்னது நாலு பேர். அதை வைத்துச் சபையை அளக்காதேங்கோ. வருகிற ஞாயிறு 39ஆம் அதிகாரம், விரும்பினால் வந்து பின் வாங்கிலில் இருந்து கேளுங்கோ.

குருநகர் கடற்காற்று:
அண்ணை போனால் நானும் வருவேன். விறகுக்கு இன்னும் பதில் வரவில்லை.