விதி தெரிகிறது, எழுதும்போது வருவதில்லை: நிறுத்தக்குறியும் கேப்பிடல் லெட்டரும்

கரும்பலகை (கேள்வி)

மூன்றாம் வகுப்புக்குத் தமிழில் நிறுத்தக்குறிகளும் ஆங்கிலத்தில் கேப்பிடல் லெட்டரும் ஒரே பருவத்தில் நடத்த வேண்டும். விதியைக் கேட்டால் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். பயிற்சித் தாளிலும் சரியாகப் போடுகிறார்கள். சொந்தமாக ஐந்து வரி எழுதச் சொன்னால்தான் சிக்கல். பாதிப் பேர் குறியே போடுவதில்லை, மீதிப் பேர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு புள்ளி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லுக்கு நடுவே பெரிய எழுத்து நுழைந்துவிடுகிறது. எதை முதலில் சரிசெய்வது? வாசிக்கும்போது காற்புள்ளிக்கு 1 மாத்திரை நேரம் நிறுத்தம், அரைப்புள்ளிக்கு 2, முக்காற்புள்ளிக்கு 3, முற்றுப்புள்ளிக்கு 4 என்ற கணக்கை இந்த வயதில் சொல்லலாமா?

எழுதுகோல்

வரிக்கடைசிப் புள்ளி கவனக்குறைவால் வருவதில்லை. முதல் இரண்டு வகுப்புகளில் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். கரும்பலகையிலும் அப்படியே எழுதிப் போடுகிறோம். ‘வரி முடிந்தால் புள்ளி’ என்பது அவர்களாகவே கண்டுபிடித்த விதி. அதை உடைக்க, வாக்கியம் வரியின் நடுவில் முடிகிற பத்திகளாகக் கொடுங்கள். அதே பத்தியை அகலம் குறைந்த தாளில் ஒரு முறை, அகலமான தாளில் ஒரு முறை எழுதச் சொல்லுங்கள். வரி மாறும், புள்ளி இடம் மாறாது. இதை அவர்களே பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, வாக்கியம் எங்கே முடிகிறது என்பது. தமிழில் இதற்கு நல்ல பிடி இருக்கிறது: வினைமுற்று. குறியே இல்லாமல் இப்படி எழுதிப் போடுங்கள்:

மழை பெய்தது குழந்தைகள் வெளியே ஓடினார்கள் நனைந்துகொண்டே விளையாடிய தம்பி வழுக்கி விழுந்து அழுதான்

‘பெய்தது’ என்றதும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லவந்தது முடிந்துவிட்டது. ‘நனைந்துகொண்டே’, ‘விளையாடிய’, ‘வழுக்கி’, ‘விழுந்து’ என்பதில் நிறுத்தினால் “அப்புறம்?” என்று காது கேட்கும். அப்புறம் கேட்டால் புள்ளி இல்லை. எச்சம், முற்று என்ற பெயர்களைச் சொல்ல வேண்டியதே இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம், 30, 40 சொல் கொண்ட ஒரு பத்தி போதும்.

இரண்டு இடத்தில் இந்தச் சோதனை வழுக்கும். ‘இது என் பை’ என்பதில் வினையே இல்லை, ஆனாலும் வாக்கியம். ‘மழை பெய்தது என்று சொன்னான்’ என்பதில் முற்று நடுவில் வருகிறது. முதல் இரண்டு வாரம் இவற்றைத் தவிர்த்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

ஒரு சின்ன விஷயம். மெய்யெழுத்தின் தலையில் வைப்பதையும் ‘புள்ளி’ என்கிறோம், இதையும் ‘புள்ளி’ என்கிறோம். “புள்ளி வைக்க மறந்துட்டே” என்றால் சில பிள்ளைகள் ‘ம்’, ‘ன்’ எல்லாவற்றையும் தேடுவார்கள். முற்றுப்புள்ளி என்று முழுப்பெயரையே சொல்லிப் பழக்குங்கள்.

நாலுகோடு

ஆங்கிலத்துக்கு மட்டும் சொல்கிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. அதனால் இது விதிச் சிக்கலாக ஆவதற்கு முன் கைச் சிக்கல். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழுக்கும் இரண்டு வடிவமும் ஒன்றே, அளவுதான் வேறு. நாலு கோடு நோட்டில் பெரியது முதல் கோட்டிலிருந்து மூன்றாம் கோடு வரை நிற்கும். சிறியது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அடங்கும். ஒற்றைக் கோடு நோட்டுக்கு அவசரமாக மாற்றினால் இந்த ஏழும் குழம்பிவிடும். பிள்ளை சிறியது என்று நினைத்து எழுதியதை நாம் பெரியது என்று திருத்திக்கொண்டிருப்போம்.

சொல் நடுவில் பெரிய எழுத்து வந்தால் எந்த எழுத்து என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பி, டி. சின்ன வடிவத்தில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருப்பதால், எந்தப் பக்கம் வயிறு என்ற சந்தேகம் வந்ததும் பிள்ளை பாதுகாப்பாகப் பெரியதைப் போட்டுவிடும். அதற்கு மருந்து அந்த இரண்டு எழுத்தைத் தனித்தனி வாரங்களில் எழுதிப் பழக்குவது. கேப்பிடல் விதியை மறுபடி நடத்திப் பயனில்லை.

விதிகளின் வரிசை: வாக்கியத்தின் முதல் எழுத்து, ‘நான்’ எனப் பொருள்படும் ஒற்றை ஐ, ஆள் பெயர், ஊர்ப் பெயர். இவை கையில் நின்ற பிறகு கிழமை, மாதம், மொழிப் பெயர். ‘முக்கியமான சொல்லுக்குப் பெரிய எழுத்து’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மதர், ஸ்கூல், டாக் எல்லாம் பிள்ளைக்கு முக்கியம்தான்! மதர் என்ற சொல்லுக்கு ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் ஓர் ஆளின் பெயரை வைத்துப் படியுங்கள். ‘மை மதர்’ என்பதை ‘மை ரவி’ என்று மாற்றினால் ஒட்டாது, எனவே சிறிய எழுத்து. கூப்பிடும்போது வரும் ‘மதர்’ இடத்தில் ‘ரவி’ ஒட்டும், அங்கே பெரியது.

அரைப்புள்ளி

மாத்திரைக் கணக்கு வாசிப்புக்கு உதவும், எழுத்துக்கு உதவாது. ‘மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி’ என்று சொன்னால், திக்கித் திக்கி வாசிக்கிற பிள்ளை சொல்லுக்குச் சொல் காற்புள்ளி போடும். அதற்கு அங்கெல்லாம் மூச்சு வாங்கும். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி இரண்டையும் இந்த வகுப்பில் தொடவே வேண்டாம் (என் பெயருக்கே துரோகம்தான்).

காற்புள்ளிக்கு மூன்றே இடம் போதும். பட்டியல்: ‘பென்சில், அழிப்பான், அளவுகோல் ஆகியவை’. ஆனால் ‘பென்சிலும் அழிப்பானும் அளவுகோலும்’ என்று ‘உம்’ வந்துவிட்டால் காற்புள்ளி தேவையில்லை. இதைச் சேர்த்தே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் போடுவார்கள். அடுத்தது கூப்பிடுவது: ‘அக்கா பை எங்கே?’, ‘அக்கா, பை எங்கே?’ இரண்டையும் பலகையில் எழுதி, யாருடைய பை, யாரிடம் கேட்கிறோம் என்று விசாரியுங்கள். விளக்கமே வேண்டாம். மூன்றாவது, பேச்சுக்கு முன்: அப்பா, “மணி ஆறு” என்றார்.

மேற்கோள்குறியில் வழக்கமான தவறு ‘என்றார்’ என்பதையும் உள்ளே தள்ளுவது. படக்கதையில் வருகிற பேச்சுக் குமிழியை வரையச் சொல்லுங்கள். குமிழிக்குள் இருப்பது மட்டுமே குறிக்குள் போகும்.

கரும்பலகை

நன்றி. வினாக்குறியிலும் ஒரு சந்தேகம். ‘யார்’, ‘எங்கே’ என்று பார்த்தாலே வினாக்குறி போட்டுவிடுகிறார்களே?

அரைப்புள்ளி

‘வினாச்சொல் வந்தால் வினாக்குறி’ என்று நடத்தியதன் பலன் அது. ‘யார் வந்தார் என்று தெரியவில்லை’, ‘எங்கே போனாய் என்று அம்மா கேட்டார்’, ‘யாரோ வந்தார்’ மூன்றையும் கொடுத்து, “இதற்கு நீ பதில் சொல்ல வேண்டுமா?” என்று மட்டும் கேளுங்கள். பதில் வேண்டாம் என்றால் முற்றுப்புள்ளி. மறுபுறம் ‘தம்பி வந்தானா’ என்பதில் வினாச்சொல்லே கிடையாது, கடைசி ‘ஆ’தான் கேள்வி. இந்த வகையைத்தான் குறி போடாமல் விடுவார்கள், அதைக் கூடுதலாகக் கொடுங்கள்.

எழுதுகோல்

திருத்துவது பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. சிவப்பு மையால் நீங்களே குறியைப் போட்டுத் தராதீர்கள். விடுபட்ட வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும், இரண்டு விடுபட்டிருந்தால் இரண்டு கோடு. எந்த இடம் என்பதைப் பிள்ளை தேடட்டும். ஒரு வாரத்துக்கு ஒரு குறியை மட்டும் பாருங்கள். முற்றுப்புள்ளி வாரத்தில் காற்புள்ளி தப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.